என்னை இங்கேயே விட்டுடுங்க: ஆயர் கத்பர்ட்டின் கதை

இன்னைக்கு நாம பார்க்கப் போறது ஏழாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு துறவியைப் பத்தி. பேரு கத்பர்ட். அந்தப் பக்கம் போனீங்கன்னா இன்னைக்கும் இவர் பேர்ல தேவாலயம் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, ஒரு வாத்து கூட இருக்கு. வாத்து விஷயத்துக்கு அப்புறம் வர்றேன்.

கத்பர்ட் சாகுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி தன் மடத்து ஆட்கள்கிட்ட ஒரு எச்சரிக்கை கொடுத்தார். என் உடலை மடத்துக்குக் கொண்டு போகாதீங்க, நான் தனியா இருந்த இந்தத் தீவிலேயே புதைச்சிடுங்கன்னு கேட்டுக்கிட்டார். அதுக்கு அவர் சொன்ன காரணம் வித்தியாசமானது. மடத்தில் புதைச்சா, குத்தம் பண்ணினவங்களும் தப்பி ஓடி வர்றவங்களும் கல்லறையைத் தேடி வந்து நிப்பாங்க. அவங்களுக்காக நீங்க அதிகாரத்துல இருக்கிறவங்ககிட்டப் போய்ப் பரிந்து பேசிக்கிட்டே இருக்கணும். உங்க நிம்மதி போயிடும். இதுதான் அவர் சொன்னதோட சாரம். மடத்து ஆட்கள் கேட்கலை. அதுக்கப்புறம் என்ன ஆச்சுங்கிறது சுமார் 1000 வருஷக் கதை.

அப்போ இங்கிலாந்துன்னு ஒரு நாடே கிடையாது. பல சின்ன ராஜ்யங்கள். அதுல வடக்கே பெருசா இருந்தது நார்தம்ப்ரியா. 635-ல் அந்த நாட்டு அரசர் ஆஸ்வால்ட், அயர்லாந்து மரபில் வந்த அயோனா மடத்திலிருந்து எய்டன் என்ற துறவியை வரவழைச்சார். எய்டன் மடம் கட்டிக்க இடம் கொடுத்தது லிண்டிஸ்ஃபார்ன் தீவில். அது முழுத் தீவு இல்லை. கடல் வத்தினா கரையிலிருந்து நடந்தே போகலாம், ஏறினா தீவாயிடும்.

கத்பர்ட் பிறந்ததும் கிட்டத்தட்ட அதே வருஷங்களில்தான். 651 ஆகஸ்ட் கடைசியில் ஒரு ராத்திரி, மலையில் ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த இளைஞர் கத்பர்ட், வானத்திலிருந்து ஒளி இறங்கி யாரோ ஒருத்தர் ஆன்மாவை எடுத்துக்கிட்டுப் போறதைப் பார்த்ததாகவும், எய்டன் இறந்த செய்தி பிறகு வந்ததாகவும் கதை. அதைக் கேட்டு மெல்ரோஸ் மடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஏழை ஆட்டிடையன் துறவியான கதைன்னு இதைப் பல இடத்துல சொல்றாங்க. ஆனா அவர் மெல்ரோஸ் மடத்து வாசலில் இறங்கினது குதிரையிலிருந்து. கையில் ஈட்டி, கூட ஒரு வேலையாள். அதுக்கு முன்னாடி படை முகாமிலும் இருந்திருக்கார். நல்ல வசதியான குடும்பத்துப் பையன்னு எடுத்துக்கிறதுதான் சரின்னு எனக்குத் தோணுது.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பழைய வாழ்க்கை வரலாறு இருக்கு. ஒன்று, லிண்டிஸ்ஃபார்ன் துறவி ஒருத்தர் பேர் போடாம 700-ஐ ஒட்டி எழுதினது. இன்னொன்று, ஜாரோ மடத்து பீட் 721 வாக்கில் உரைநடையில் எழுதினது. பீட் தன் வேலை முறையை முன்னுரையிலேயே சொல்றார். முதல்ல குறிப்பு எடுத்தார். கத்பர்ட்டோடு பழகினவங்ககிட்ட, முக்கியமா ஹெரெஃப்ரித் என்பவர்கிட்ட, காட்டித் திருத்தினார். அப்புறம் லிண்டிஸ்ஃபார்ன் மூத்தவங்க முன்னாடி ரெண்டு நாள் வாசிக்கப்பட்டு, அவங்க மாத்த ஒண்ணும் இல்லைன்னு சொன்ன பிறகுதான் வெளியிட்டார். எங்க தொழில்ல கோட் ரிவ்யூன்னு சொல்வோம். எட்டாம் நூற்றாண்டில் ஒருத்தர் அதை இவ்வளவு ஒழுங்கா பண்ணியிருக்கார்.

ஆனா ரெண்டு பிரதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வித்தியாசம் பார்த்தா சுவாரஸ்யமா ஒண்ணு கிடைக்கும். அதைப் புரிஞ்சுக்க அந்தக் காலத்துச் சண்டை என்னன்னு தெரியணும்.

ஈஸ்டர் தேதியை எப்படிக் கணக்குப் போடுறதுங்கிறதுல அயோனா வழியில் வந்தவங்களுக்கு ஒரு முறை, ரோம் வழிக்காரங்களுக்கு வேற முறை. அதே மாதிரி துறவிகள் தலையை மழிக்கிற விதத்திலும். ரோம் பக்கம் உச்சியில் மழிச்சுச் சுத்திலும் வட்டமா முடி விடுவாங்க, அயர்லாந்துப் பக்கம் வேற மாதிரி. கேட்க அற்பமா இருக்கலாம். ஆனா அரண்மனைக்குள்ளேயே ராஜா ஈஸ்டர் விருந்து சாப்பிடும்போது ராணி இன்னும் தவக்கால நோன்பில் இருந்த வருஷங்கள் உண்டு. 664-ல் விட்பி மடத்தில் கூடிப் பேசி, அரசர் ஆஸ்வியூ ரோம் பக்கம் தீர்ப்புச் சொன்னார். லிண்டிஸ்ஃபார்ன் ஆயர் கோல்மன் ஏத்துக்காம, தன் ஆட்களைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டே போயிட்டார்.

இதுல கத்பர்ட் எந்தப் பக்கம்? அவர் வளர்ந்தது அயர்லாந்து மரபில். அவருடைய மடத் தலைவர் ஈட்டா, ரிப்பன் என்ற ஊரில் புது மடம் ஆரம்பிச்சபோது இவரையும் கூட்டிக்கிட்டுப் போனார். (சென்னை ரிப்பன் மாளிகை இருக்கே, அந்த வைஸ்ராயின் பட்டப்பேர் இந்த ஊரிலிருந்து வந்ததுதான்.) அங்கே இவருக்கு விருந்தினரைக் கவனிக்கிற பொறுப்பு. கொஞ்ச நாளில் ரோம் முறைக்கு மாற மறுத்ததால் மொத்தக் குழுவையும் வெளியேத்திட்டாங்க. மடம் வில்ஃப்ரிட் என்ற ரோம் ஆதரவாளருக்குப் போயிடுச்சு. வில்ஃப்ரிட் பேரை ஞாபகம் வச்சுக்கங்க.

இப்போ அந்த வித்தியாசம். பேர் தெரியாத ஆசிரியர், கத்பர்ட் ரிப்பனில் ரோம் முறைப்படிதான் முடி மழிச்சுக்கிட்டார்னு எழுதுறார். வெளியேத்தினதைப் பத்திப் பேச்சே இல்லை. பீட் அந்த முடி விஷயத்தைத் தன் புத்தகத்துல எடுத்துக்கவே இல்லை. வெளியேத்தினதைச் சொல்றார், காரணத்தை அங்கே சொல்லாம, தன் இன்னொரு பெரிய வரலாற்று நூலில் சொல்றார். முதல் ஆசிரியருக்குத் தங்கள் புனிதர் ஒரு காலத்துல தோத்த கட்சியில் இருந்தார்னு ஒத்துக்கச் சங்கடமா இருந்திருக்குன்னுதான் நான் இதைப் படிக்கிறேன்.

விட்பிக்குப் பிறகு கத்பர்ட் புது முறையை ஏத்துக்கிட்டார். ஈட்டா அவரை லிண்டிஸ்ஃபார்ன் மடத்துக்குத் துணைத் தலைவரா அனுப்பினார். பாதிப் பேர் வெளியேறி, மீதிப் பேர் கடுப்பில் இருந்த மடம். புது விதிகளைப் பேசும்போதெல்லாம் கூட்டத்தில் கத்தினாங்க, கிண்டல் பண்ணினாங்க. கத்பர்ட் என்ன பண்ணுவார் தெரியுமா? சட்டுன்னு எழுந்து, முகத்துல எந்தக் கோபமும் இல்லாம, கூட்டத்தை முடிச்சுட்டு வெளியே போயிடுவார். மறுநாள் அதே கூட்டம், அதே விஷயம், ஒண்ணுமே நடக்காத மாதிரி முதல்லேர்ந்து ஆரம்பிப்பார். அவங்க வழிக்கு வர்ற வரைக்கும். ஆபீஸ் மீட்டிங்குகளில் உட்கார்ந்து பழகினவங்களுக்கு இது எவ்வளவு கஷ்டமான காரியம்னு தெரியும்.

சுமார் 676-ல் அவர் ஃபார்ன் தீவுக்குத் தனியாப் போனார். லிண்டிஸ்ஃபார்னிலிருந்து கடலில் 10 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிற பாறைத் தீவு. மரம் கிடையாது. வட்டமா ஒரு சுவர் கட்டி, உள்ளே தரையைத் தோண்டி இறக்கினார். உள்ளே நின்னா வானத்தைத் தவிர எதுவும் தெரியக் கூடாது, அதுதான் கணக்கு. மடத்து ரொட்டியை எதிர்பார்க்கக் கூடாதுன்னு கோதுமை விதைச்சார், வரலை. பருவம் தப்பி பார்லி விதைச்சார், வந்துச்சு. பறவைகள் தின்ன வந்தன, அதட்டினதும் போயிட்டதாம். அண்டங்காக்கை ரெண்டு குடிசைக் கூரை வைக்கோலைப் பிச்சுக்கிட்டுப் போய், திட்டு வாங்கினதும் பரிகாரமா பன்றிக் கொழுப்புத் துண்டு ஒண்ணைக் கொண்டு வந்து போட்டதாம். அந்தக் கொழுப்பை வர்றவங்க செருப்புக்குத் தடவிக்க ரொம்ப காலம் வச்சிருந்தாங்கன்னு எழுதியிருக்கு. அற்புதத்தை நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். செருப்புக்குத் தடவினாங்கங்கிற வரியை மட்டும் யாரும் சும்மா கற்பனை பண்ணியிருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தோணுது.

அவர் விலங்குக் கதைகளில் பிரபலமானது கோல்டிங்ஹம் மடத்துக்கு விருந்தாளியா போனப்போ நடந்தது. ராத்திரி கடலில் கழுத்தளவு தண்ணீரில் நின்னு ஜெபம் பண்ணிட்டு விடியற்காலை கரையேறினார். ரெண்டு நீர்நாய்கள் பின்னாடியே வந்து மூச்சுக் காத்தால் பாதங்களைச் சூடேத்தி, உடம்பு முடியால் துடைச்சுவிட்டன. ஒளிஞ்சு பார்த்த துறவி பயத்துல படுத்த படுக்கையானார். கத்பர்ட் மன்னிச்சு, நான் உயிரோட இருக்கிற வரை யார்கிட்டயும் சொல்லாதேன்னு மட்டும் கேட்டார்.

இப்போ வாத்து. ஃபார்ன் தீவுகளில் கூடு கட்டுற ஐடர் வாத்துக்கு அந்த ஊர்ல 'கடி டக்'னு பேர். நம்ம ஊர் கடி இல்லை, கத்பர்ட்டோட செல்லப் பேர். 676-லேயே உலகத்தின் முதல் பறவைப் பாதுகாப்புச் சட்டத்தை இவர் போட்டார்னு இணையத்துல ஒரு தகவல் சுத்திக்கிட்டே இருக்கு. பழைய வாழ்க்கை வரலாறு ரெண்டுலயும் அப்படி ஒரு வரி கிடையாது. வாத்துக் கதை, 12-ஆம் நூற்றாண்டில் டர்ஹம் துறவி ரெஜினால்ட் எழுதினதில்தான் வருது.

தனிமை அவருக்கு நிலைக்கலை. முதல்ல வர்றவங்க கால் கழுவினார், அப்புறம் ஜன்னல் வழியா மட்டும் பேசினார், அப்புறம் அதையும் மூடி ஆசீர்வாதம் கொடுக்க மட்டும் திறந்தார். தோல் காலணியை வருஷத்துக்கு ஒரு தடவை, பெரிய வியாழன் அன்னைக்குப் பாதம் கழுவும் சடங்குக்கு மட்டும்தான் கழட்டினார். 684-ல் பேராயர் தியோடர் தலைமையில் கூடின சபை அவரை ஆயராத் தேர்ந்தெடுத்தது. கடிதம் போச்சு, ஆள் போனாங்க, அவர் அசையலை. கடைசியில் அரசர் எக்ஃப்ரித் தானே கப்பல் ஏறி, பிரபுக்களோட தீவுக்கு வந்து மண்டியிட்டார். கத்பர்ட் அழுதுக்கிட்டே வெளியே வந்தார்னு பீட் எழுதுறார்.

அரசருக்கு ஏன் இவ்வளவு அவசரம்? வில்ஃப்ரிட்டோட சண்டை போட்டு 678-ல் அவரை நாட்டை விட்டே துரத்தினவர் எக்ஃப்ரித். திருச்சபையில் யாரும் குறை சொல்ல முடியாத ஒரு ஆள் அவருக்குத் தேவைப்பட்டார். 684-ல்தான் அவருடைய படை அயர்லாந்தில் புகுந்து தேவாலயங்களைக் கூட விடாம அழிச்சது. தனியா இருக்கணும்னு கேட்டவரை இழுத்து வந்ததுக்குப் பின்னாடி பக்தி இருந்திருக்கலாம், கணக்கும் இருந்தது.

685 மார்ச் 26, யார்க் நகரில் ஆயர் அபிஷேகம். ரெண்டு மாசம் கூட ஆகலை. பிக்ட் மக்கள் மேல் படை எடுக்க வேண்டாம்னு நண்பர்கள், முக்கியமா கத்பர்ட் சொல்லியும் கேட்காம எக்ஃப்ரித் வடக்கே போனார். மே 20-ஆம் தேதி கத்பர்ட் கார்லைல் நகரத்தில். ஊர்க்காரங்க பழைய ரோமானியச் சுவரையும், ரோமானியர் கட்டி இன்னும் தண்ணீர் வந்துக்கிட்டு இருந்த ஊற்றையும் பெருமையா சுத்திக் காட்டுறாங்க. திடீர்னு கத்பர்ட் கைத்தடியில் சாய்ந்து தலை குனிஞ்சு நின்னுட்டார். போர் முடிஞ்சு போச்சுன்னு தோணுதுன்னு மெதுவாச் சொன்னார். அன்னைக்குத்தான் எக்ஃப்ரித் படையோட அழிஞ்சார். ராணி அந்த ஊரில்தான் இருந்தார். கத்பர்ட் அவரைச் சீக்கிரம் கிளம்பி அரச நகரத்துக்குப் போகச் சொன்னார்.

ஆயரா அவர் இருந்தது ரெண்டு வருஷம் கூட இல்லை. மலைக் கிராமங்களுக்குப் போனார், கொள்ளை நோய் வந்த ஊர்களில் மீதமிருந்தவங்களைப் பார்த்தார். 686 கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் ஃபார்னுக்கே திரும்பிட்டார்.

அவர் சாவைப் பத்தின பகுதி பீட் புத்தகத்திலேயே ரொம்ப நல்லா இருக்கும். காரணம், அது கூட இருந்த ஹெரெஃப்ரித் நேரா சொன்னது. பிப்ரவரி கடைசியில் கத்பர்ட் உடம்புக்கு முடியாம விழுந்தார். கூட ஆள் இருக்கட்டும்னு ஹெரெஃப்ரித் கேட்டார், வேண்டாம்னுட்டார். படகு கரைக்குப் போனதும் புயல் பிடிச்சது, அஞ்சு நாள் யாராலும் திரும்ப முடியலை. அப்புறம் போய்ப் பார்த்தா, படகில் வர்றவங்க தங்குற குடிசையில் உட்கார்ந்திருக்கார். வர்றவங்க தேடி அலைய வேண்டாம்னு தானே இறங்கி வந்து, அஞ்சு நாளும் அங்கேயே இருந்திருக்கார். சாப்பாடு? விரிப்பைத் தூக்கிக் காட்டினார். அஞ்சு வெங்காயம். அதுல ஒண்ணுல மட்டும் கொஞ்சம் கடிச்ச தடம்.

அப்போதான் அந்த எச்சரிக்கை வந்தது. துறவிகள் விடலை, கெஞ்சினாங்க. கடைசியில் அவர் இறங்கி வந்தார்: கொண்டு போறதுன்னா தேவாலயத்துக்குள்ளேயே புதைங்க. அப்போ நீங்க போய்ப் பார்க்கலாம், வெளியாளை விடணுமா வேண்டாமான்னு உங்க கையில் இருக்கும். சாகக் கிடக்கிற மனுஷன் கூட்டத்தைக் கட்டுப்படுத்த வழி யோசிச்சிருக்கார்.

687 மார்ச் 20, விடியறதுக்கு முன்னாடி இறந்தார். ஒரு துறவி ரெண்டு மெழுகுவர்த்தியை ஏத்தி, ரெண்டு கையிலும் பிடிச்சுக்கிட்டு மேட்டில் ஏறினார். அக்கரையில் ராத்திரி முழுக்கக் கண் விழிச்சுக் காத்திருந்தவர் வெளிச்சத்தைப் பார்த்ததும் ஓடிப் போய் மடத்தில் சொன்னார்.

அடுத்த ஒரு வருஷம் லிண்டிஸ்ஃபார்னைப் பார்த்துக்க வந்தவர் யாருன்னு நினைக்கிறீங்க? வில்ஃப்ரிட். அந்த வருஷம் மடத்தில் அடிச்ச சோதனைப் புயலில் பல துறவிகள் வெளியேறத் துணிஞ்சாங்கன்னு பீட் எழுதுறார், யாரால்னு பேர் சொல்லலை. வருஷக் கணக்கைப் பார்த்தா நமக்கே புரியுது. 11 வருஷம் கழிச்சு, 698 மார்ச் 20 அன்னைக்கு எலும்புகளை எடுத்துப் பேழையில் வைக்கலாம்னு கல்லறையைத் திறந்தாங்க. உடல் அப்படியே இருந்ததுன்னு சொன்னாங்க. கோவாவில் சவேரியார் உடலைப் பத்திச் சொல்றது மாதிரிதான். வில்ஃப்ரிட் உயிரோட இருந்த காலம் அது. எங்க ஆள் யாருன்னு பாருங்கன்னு லிண்டிஸ்ஃபார்ன் சொல்ல வேண்டிய நேரமும் அதுதான். அந்த வருஷம் ஆயரான எட்ஃப்ரித், லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலை உருவாக்கினதா மரபு. உலகத்தில் மிச்சம் இருக்கிற அழகான கையெழுத்துப் பிரதிகளில் அது ஒண்ணு.

793 ஜூன் 8-ல் வைக்கிங்குகள் மடத்தைச் சூறையாடினாங்க. 875-ல் அங்கே இருக்கவே முடியாதுன்னு ஆனதும், ஆயரும் ஆட்களும் சவப்பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினாங்க. ஏழு வருஷம் சுத்தினாங்க. செஸ்டர்-லி-ஸ்ட்ரீட் என்ற ஊரில் நூறு வருஷத்துக்கும் மேல் தங்கி, 995-ல் டர்ஹம் போய்ச் சேர்ந்தாங்க. அந்தப் பகுதி மக்களுக்கே 'புனிதரின் மக்கள்'னு பொருள்படுற பேர் வந்தது. அங்கே அவர் வெறும் புனிதர் இல்லை, நிலத்துக்குச் சொந்தக்காரர்.

பெட்டியைச் சுமந்தவங்க வாரிசுகள் கல்யாணம் ஆன குருக்கள், குடும்பம் குடும்பமா கல்லறையைப் பார்த்துக்கிட்டாங்க. 1083-ல் நார்மன் ஆயர் வில்லியம் அவங்களை வெளியேத்திட்டு பெனடிக்ட் சபைத் துறவிகளைக் கொண்டு வந்தார். அதுக்கு அப்புறம் எழுதப்பட்டதில்தான் கத்பர்ட்டுக்குப் பெண்கள் பக்கத்துல வர்றதே பிடிக்காதுங்கிற கதை வருது. டர்ஹம் பேராலயத்துக்குள்ள தரையில் ஒரு கறுப்புக் கல் கோடு இன்னைக்கும் இருக்கு. அந்தக் காலத்துல பெண்கள் அதைத் தாண்டக் கூடாதுன்னு இருந்தது. இது அவருக்குப் பண்ணின அநியாயம்னுதான் சொல்வேன். கோல்டிங்ஹம் மடத்தை நடத்தினது எபா என்ற பெண். விட்பி மடத் தலைவி எல்ஃப்லெட் கூப்பிட்டப்போ கோக்கெட் தீவுக்குப் படகில் போய்ப் பேசினார். தன் உடலைச் சுத்தச் சொன்ன துணி, வெர்கா என்ற மடத் தலைவி கொடுத்தது. உயிரோட இருக்கும்போது அதைக் கட்டிக்கப் பிடிக்கலை, ஆனா அவங்க மேல இருக்கிற அன்புக்காக வச்சிருந்தேன்னு தானே சொல்லியிருக்கார்.

1104-ல் பெட்டியைத் திறந்தபோது உள்ளங்கை அளவு யோவான் நற்செய்தி ஒண்ணு கிடைச்சது. ஐரோப்பாவில் முழுசா, பழைய அட்டையோட மிஞ்சின புத்தகங்களில் மிகப் பழையது. பிரிட்டிஷ் நூலகம் 2012-ல் 90 லட்சம் பவுண்டுக்கு அதை வாங்கியது. 1827-ல் மறுபடி திறந்தப்போ எலும்புக்கூடுதான் இருந்தது, உடைக்குள்ள பொன்னில் கார்னெட் கல் பதிச்ச சிலுவை ஒண்ணு.

எச்சரிக்கைக்கு வர்றேன். டர்ஹம் பேராலய வடக்குக் கதவில் வெண்கலத்தில் ஒரு பூதமுக வளையம் இருக்கு. இப்போ இருக்கிறது நகல், அசல் உள்ளே பத்திரமா இருக்கு. அந்தக் காலத்துல கொலையே பண்ணியிருந்தாலும், ஓடி வந்து அந்தக் கதவைத் தட்டினா அடைக்கலம். 37 நாள். அதுக்குள்ள மன்னிப்பு வாங்கணும், இல்லைன்னா நாட்டை விட்டுக் கப்பல் ஏறிப் போயிடணும். வந்தவங்களுக்குக் கறுப்பு அங்கி, இடது தோளில் மஞ்சள் துணியில் கத்பர்ட்டின் சிலுவை. சாப்பாடு, படுக்கை எல்லாம் மடத்துச் செலவு. 1464-லிருந்து 1524 வரைக்கும் வந்தவங்க கணக்கு பதிவேட்டில் இருக்கு, நிறையப் பேர் கொலைக் குத்தத்துக்குத் தப்பி வந்தவங்க. ராத்திரி எந்நேரம் வந்து தட்டினாலும் திறக்கணுமே, அதுக்காக அந்தக் கதவுக்கு மேல இருந்த ரெண்டு அறையில் ஆட்கள் எப்பவும் படுத்திருப்பாங்க.